தார்ச்சாலையை விட்டு இறங்கும் முன்: சேலம் பைக் பயணக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் இயங்கிவரும் மோட்டார் சைக்கிள் பயணக் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

சேர்வராயன் மலையில் காப்பியும் மிளகும் பயிரிடும் சிறு விவசாயி நான். இளமையிலிருந்தே பைக் ஓட்டி வருபவன். உங்கள் குழுக்கள் சிலவற்றின் ஞாயிற்றுக்கிழமைப் பயணங்களில் உங்களோடு வந்து, ஏற்காட்டு ஏரிக்கரைக் கடைகளில் உங்களோடு தேநீர் குடித்தவன். கடந்த சில ஆண்டுகளாக எங்கள் மலையின் மண் பாதைகளில், சாலையிலும் கரடுமுரடான தடங்களிலும் ஓட்டுவதற்கென்று வரும் கனத்த அட்வென்ச்சர் பைக்குகளில் தனி ஆளாக வருவோரின் எண்ணிக்கை வெளிப்படையாகவே கூடியிருக்கிறது. அவர்களில் பலர் உங்கள் குழுக்களின் உறுப்பினர்கள், அல்லது உங்கள் படங்களையும் காணொளிகளையும் பார்த்து ஆசைப்பட்டு வந்தவர்கள். அதனால்தான் இந்த மடலைக் காவல் துறைக்கோ மாவட்ட நிர்வாகத்துக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றே ஒன்று: கனத்த பைக்கில் தார்ச்சாலையை விட்டு இறங்கித் தனியாகச் செல்வதை உங்கள் குழுக்கள் வெறும் அறிவுரையாக விட்டுவிடாமல், விதியாகவே எழுதித் தடை செய்ய வேண்டும்.

அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரையுள்ள மலைப்பாதையைப் பற்றி நான் பேசவில்லை. 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தப் பாதையிலும், குப்பனூர் வழியாக ஏறும் பாதையிலும் விபத்துகள் நடக்கத்தான் செய்கின்றன. சில மிகக் கொடியவை. ஆனால் அங்கே விழுந்தவரைப் பின்னால் வரும் பேருந்தோ, காய்கறி ஏற்றிய வேனோ, சுற்றுலா வந்த குடும்பமோ சில நிமிடங்களில் கண்டுவிடுகிறது. நாகலூர், கரடியூர், மஞ்சக்குட்டை போன்ற ஊர்களைக் கடந்து, எஸ்டேட்டுகளுக்குள்ளும் சரிவுகளின் ஓரமாகவும் பிரிந்துபோகும் மண் தடங்களில் நிலைமை வேறு. அங்கே ஒருவர் விழுந்தால், அவர் விழுந்தது அவருக்கு மட்டுமே தெரியும்.

அட்வென்ச்சர் பைக்குகளின் எடையை நீங்கள் அறிவீர்கள் என்றாலும், அந்த எண்களை ஒரு முறை வரிசையாக வைத்துப் பார்ப்பது நல்லது. எங்கள் மலையில் காப்பி மூட்டையை ஏற்றிக்கொண்டு எஸ்டேட் ரோட்டில் ஏறி இறங்கும் டிவிஎஸ் எக்ஸ்எல் ஏறக்குறைய 90 கிலோ. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 ஏறக்குறைய 160 கிலோ. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450, எரிபொருளோடு 196 கிலோ. அதற்கு முந்தைய 411 சிசி ஹிமாலயன் 199 கிலோ. சுசுகி வி-ஸ்ட்ராம் 800டிஇ 232 கிலோ. பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் 249 கிலோ. இவற்றின் மேல் இரும்புக் காப்புச் சட்டங்கள், அலுமினியப் பெட்டிகள், கருவிகள், தண்ணீர், கூடாரம் என்று இன்னும் 20, 30 கிலோ சேர்ந்துவிடுகிறது. தார்ச்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த எடையை ஓட்டுபவர் உணர்வதே இல்லை. நல்ல வடிவமைப்பு அதை மறைத்துவிடுகிறது. வேகம் குறையக் குறைய, தரை சாயச் சாய, அது திரும்பி வருகிறது.

மண் பாதையில் கனத்த பைக் விழுவது பெரும்பாலும் வேகத்தினால் அல்ல என்பதைப் புதியவர்கள் நம்ப மறுக்கிறார்கள். மனிதன் நடக்கும் வேகத்தில், சில சமயம் முழுவதுமாக நின்ற பிறகுதான், அது விழுகிறது. ஏற்றத்தில் பாதி வழியில் இன்ஜின் அணைந்துபோக, ஓட்டுபவர் காலை ஊன்றுகிறார். ஊன்றிய இடத்தில் மழைநீர் அரித்த பள்ளம் இருக்கிறது. கால் எதிர்பார்த்ததைவிட அரை அடி கீழே போகிறது. அதற்குள் வண்டி ஒரு குறிப்பிட்ட சாய்வைத் தாண்டிவிடுகிறது. அந்தச் சாய்வைத் தாண்டிய 200 கிலோவை எந்த மனிதனாலும் ஒற்றைக் காலில் தாங்க முடியாது. தாங்க முயல்பவர்களின் முழங்காலும் கணுக்காலும்தான் முதலில் போகின்றன. அனுபவமுள்ளவர்கள் வண்டியை விட்டுவிட்டு விலகி நிற்கிறார்கள். ஆனால் இரண்டு லட்சம், மூன்று லட்சம் கொடுத்து வாங்கிய வண்டியைக் கைவிட மனம் வருவதற்குப் பயிற்சி தேவைப்படுகிறது. அந்தப் பயிற்சியைக் குழுவாகப் போகும்போது பெற்றவரைக் காட்டிலும், தனியாகவே போய்ப் பழகியவருக்கு அது கிடைக்கும் வாய்ப்பு குறைவு.

விழுந்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்ததின் மையம். சரிவில் விழும் வண்டி பெரும்பாலும் ஓட்டியின் காலை அடியில் வைத்துக்கொண்டு படுக்கிறது. இரும்புக் காப்புச் சட்டமும் பக்கப் பெட்டியும் சில சமயம் கால் நசுங்காதபடி இடைவெளி தந்து காப்பாற்றுகின்றன. அதே பெட்டி, ஓட்டி காலை ஊன்றியபடி முன்னே நகரும்போது பின்னங்காலைப் பிடித்து மடக்கி எலும்பை முறிப்பதும் உண்டு. இதற்காகத்தான் கரடுமுரடான பாதைகளில் செல்லும் தேர்ந்தவர்கள் அலுமினியப் பெட்டியை விட்டுவிட்டுத் துணிப் பைகளுக்கு மாறுகிறார்கள். கால் மாட்டிக்கொண்டவர் படுத்த நிலையில், கை எட்டும் இடத்தில் பிடிமானம் எதுவும் இல்லாமல், தன் எடையைப் போல மூன்று மடங்கு எடையைத் தன் மேலிருந்து அகற்ற வேண்டும். பக்கத்தில் ஒருவர் இருந்தால் இது அரை நிமிட வேலை. வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்து நான்கு விரற்கடை தூக்கினாலே போதும், கால் வெளியே வந்துவிடும். ஒருவரும் இல்லையென்றால் அந்த அரை நிமிடம் ஒரு மணி நேரமாகலாம், இரவாகலாம். சூடான சைலன்சர் காலில் ஒட்டிக்கொண்டிருக்கும். பெட்ரோல் மூடியிலிருந்து கசிந்து துணியில் இறங்கிக்கொண்டிருக்கும். தசைகள் பல மணி நேரம் நசுங்கிக் கிடந்தால் அவை சிதையத் தொடங்கி, அழுத்தம் விலகியதும் அந்தச் சிதைவுப் பொருள்கள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குகின்றன. நிலநடுக்கங்களில் இடிபாடுகளில் சிக்கியவர்களுக்கு ஏற்படும் அதே பாதிப்பு இது. எலும்பு முறியாத, இரத்தம் சிந்தாத ஒரு விபத்தில்கூட உயிருக்கு ஆபத்து உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

எங்கள் தோட்டத்துக்கு அடுத்த சரிவில், ஓடையைக் கடக்கும் இடத்தில், வெளியூரிலிருந்து தனியாக வந்த இளைஞர் ஒருவர் இப்படித்தான் மாட்டிக்கொண்டார். வண்டியின் கைப்பிடி இரண்டு பாறைகளுக்கு நடுவே சிக்கியிருந்தது. அவருடைய இடது கால் தொடைக்குக் கீழே வண்டியின் அடியில் இருந்தது. கைப்பேசி பெட்டிக்குள் இருந்தது. பெட்டியோ அவர் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. மிளகு பறிக்கப் போன பெண்கள் ஹாரன் சத்தத்தைக் கேட்டு இறங்கிப் பார்த்ததால் அவர் பிழைத்தார். பாட்டரி தீர்ந்துபோகாமல் விட்டுவிட்டு ஹாரன் அடித்த அவருடைய நிதானத்தை நான் இன்றும் பாராட்டுகிறேன். ஆனால் அந்தப் பெண்கள் அந்த வாரம் அந்தச் சரிவில் பறித்துக்கொண்டிருந்தார்கள்; அடுத்த வாரம் வேறு சரிவுக்குப் போய்விட்டார்கள்.

மலையின் வேலை நாட்களைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து வருபவர்களுக்கு இது தெரிவதில்லை. கார்த்திகையிலிருந்து தை வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம். எஸ்டேட்டுகள் முழுவதும் ஆட்கள் இருப்பார்கள், எந்தத் தடத்தில் சத்தம் போட்டாலும் யாராவது திரும்பிக் குரல் கொடுப்பார்கள். அதை அடுத்து மிளகுப் பறிப்பு. அதுவும் முடிந்துவிட்டால், பங்குனி, சித்திரையில் பல தோட்டங்களின் உட்பகுதிகளுக்கு நாட்கணக்கில் ஒருவரும் போவதில்லை. வானம் தெளிந்து, மண் காய்ந்து, பைக் ஓட்ட மிகவும் ஏற்றது என்று நீங்கள் கருதும் கோடை விடுமுறைக் காலம் இதுதான். காப்பிப் பறிப்புக் காலத்தில் ஒரு தடத்தில் வந்து, வழியெல்லாம் ஆட்களைப் பார்த்துவிட்டுப் போன ஒருவர், அதே தடத்தைக் கோடையில் நம்பி வரும்போது, அது ஆளற்ற இடமாக மாறியிருப்பதை விழுந்த பிறகே உணர்கிறார்.

பாதைகளும் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரங்களின் இலைகள் மண் தடங்களை மூடிவிடுகின்றன. அந்த இலைப் படுக்கைக்கு அடியில் மழைநீர் அரித்த பள்ளமோ, உருண்டை உருண்டையான சரளைக் கற்களோ இருப்பது முன்சக்கரம் வழுக்கும்போதுதான் தெரியும். மழை பெய்த மறுநாள் எங்கள் செம்மண் டயரின் பட்டைகளில் அப்பிக்கொண்டு, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டயரையும் வழுவழுப்பாக்கிவிடும். எஸ்டேட் வாயில்களில் இருபுறக் கல் தூண்களுக்கு நடுவே சங்கிலி கட்டும் வழக்கம் உண்டு. வெயிலும் நிழலும் மாறி மாறி விழும் இடத்தில் அந்தச் சங்கிலி கண்ணுக்குத் தெரிவதில்லை. முன்பு பாக்சைட் வெட்டிய பகுதிகளில் தடம் திடீரென்று முடிந்து பள்ளம் தொடங்கும். மாலையில் காட்டுமாடுகள் தோட்டங்களுக்குள் இறங்குகின்றன. ஒதுங்க இடமில்லாத தடத்தில் அவற்றை நேருக்கு நேர் சந்திப்பது, வண்டியைத் திருப்ப இருவர் தேவைப்படும் ஒரு கனத்த பைக்கில் வந்தவருக்கு எளிய காரியமல்ல.

எங்கள் ஊர்க்காரர்கள் இதே தடங்களில் தனியாகத்தானே போகிறார்கள் என்று உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அவர்கள் போகும் வண்டி 90 கிலோவோ 110 கிலோவோ எடையுள்ளது. விழுந்தால் ஒருவரே ஒரு கையால் நிமிர்த்திவிடலாம். அதைவிட முக்கியமானது, இன்னார் எந்தத் தோட்டத்துக்குப் போயிருக்கிறார், எப்போது திரும்புவார் என்பது வீட்டுக்கும் தெரியும், கடைக்காரருக்கும் தெரியும். பொழுது சாய்ந்தும் வராவிட்டால் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு போக நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்கள் தனியாகப் போவதாகத் தோன்றுகிறதே தவிர, உண்மையில் ஊரே கூட இருக்கிறது. பெங்களூரிலிருந்தோ, ஈரோட்டிலிருந்தோ, சேலம் நகரத்திலிருந்தோ விடியற்காலையில் கிளம்பி, வீட்டில் ‘ஏற்காடு போகிறேன்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வருபவருக்கு இந்தக் காவல் கிடையாது. ‘ஏற்காடு’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு தேடத் தொடங்கினால், ஊரைச் சுற்றியுள்ள 32 கிலோமீட்டர் வட்டச் சாலையிலிருந்து மட்டும் எத்தனை தடங்கள் பிரிகின்றன என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கைப்பேசி இருக்கிறதே என்ற நம்பிக்கை பலரிடம் வலுவாக இருக்கிறது. சரிவின் மறைவிலும் ஓடைகளின் ஓரத்திலும் சிக்னல் கிடைப்பதில்லை என்பது எங்களுக்கு அன்றாட அனுபவம். விபத்தைத் தானாக உணர்ந்து உதவிக்கு அழைக்கும் கடிகாரங்களும் கைப்பேசிகளும் வந்துள்ளன. அவையும் சிக்னல் இருந்தால்தான் அழைக்கும். வெளிநாட்டு ஓட்டிகள் பரிந்துரைக்கும் செயற்கைக்கோள் வழிச் செய்திக் கருவிகளை வாங்கிவரச் சொல்லி நம் இளைஞர்கள் சிலர் உறவினர்களைக் கேட்பதாக அறிகிறேன். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி அவற்றை வைத்திருப்பது இந்தியாவில் சட்டப்படி குற்றம். அத்தகைய கருவியோடு வந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்திலேயே தடுத்து வைக்கப்பட்டதும் உண்டு. ஆகவே ஆஸ்திரேலியப் பாலைவனத்திலோ அமெரிக்க மலைகளிலோ தனியாகச் செல்பவருக்கு இருக்கும் அந்தக் கடைசிக் கயிறு இங்கே நம் கையில் இல்லை. அவர்களுடைய காணொளிகளைப் பார்த்து அவர்களைப் போலவே செல்ல விரும்புவோர் இந்த வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. நம்மிடம் இருப்பது 108, 112 என்ற இரண்டு அவசர உதவி எண்கள். 112-க்கு அழைக்கும்போது உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறொரு நிறுவனத்தின் சிக்னல் கிடைத்தால் அழைப்பு போய்ச் சேரும். ஜிபிஎஸ் இயங்கச் சிக்னல் தேவையில்லை. எனவே இருக்குமிடத்தின் எண்களைக் குறித்துக்கொண்டு, சிக்னல் உள்ள மேட்டுக்கு ஓடி, அங்கிருந்து அழைக்க இன்னொருவர் இருந்தால் இந்த வசதிகள் அனைத்தும் பயன்படும். ஓட வேண்டிய அந்த இன்னொருவர்தான் தனிப் பயணத்தில் இல்லை.

சாலை வரை வந்து சேர்ந்துவிட்டவருக்கு நம் அரசு நிறையவே செய்கிறது. 108 ஆம்புலன்ஸ் வருகிறது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாச் சிகிச்சை தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டு நடந்து வருகிறது. ஏற்காட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய காயமென்றால் கீழே சேலத்தில் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆனால் இவையெல்லாம் தொடங்கும் இடம் தார்ச்சாலை. அதிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, இடுப்பெலும்போ தொடையெலும்போ முறிந்து கிடக்கும் ஒருவரைக் கம்பளியில் தூளி கட்டித் தூக்கிவர, ஆள் மாற்றி ஆள் மாற்றி எட்டுப் பேராவது வேண்டும். அந்த எட்டுப் பேரும் அன்றைய கூலியை விட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடி மக்கள். கேட்காமலேயே வருகிறார்கள், பணம் கொடுத்தால் வாங்கத் தயங்குகிறார்கள். விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது அந்த உதவிக்காக வழக்குப் பொறுப்பைச் சுமத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின் வழியே 134ஏ பிரிவு சேர்க்கப்பட்டிருப்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பையாவது உங்கள் குழுக்கள் ஏற்றுக்கொள்ளலாம். ஏனென்றால் ‘கேஸ் ஆகிவிடுமோ’ என்ற அச்சம் இன்னும் ஊர்களில் இருக்கிறது.

இதைப் போன்ற அச்சம் விழுந்தவரிடமும் இருக்கிறது. எஸ்டேட் தடத்திலிருந்து காப்புக்காட்டுக்குள் எப்போது நுழைந்தோம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தே நுழைபவர்களும் உண்டு. அனுமதியின்றிக் காப்புக்காட்டுக்குள் நுழைவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம் என்பதால், சிறு அடிபட்டவர்கள் வனத் துறைக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று உதவிக்கு அழைக்காமல் தாங்களே சமாளித்துக் கீழே போகப் பார்க்கிறார்கள். உள்ளுக்குள் இரத்தக் கசிவு உள்ளவருக்கும், தலையில் அடிபட்டு முதல் ஒரு மணி நேரம் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பவருக்கும் இந்தத் தயக்கம் உயிரைப் பறிக்கும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 23 பேர் இறந்ததை நாம் மறக்கவில்லை. அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத் துறை 40 தடங்களைத் தேர்ந்தெடுத்து, உள்ளூர் வழிகாட்டிகளோடு முறையாக அழைத்துச் செல்லும் திட்டத்தைத் தொடங்கியது. நடந்து போகிறவருக்கு வழிகாட்டி வேண்டும் என்று ஏற்றுக்கொண்ட நாம், 200 கிலோ இரும்போடு அதே மலைக்குள் போகிறவருக்குத் துணை வேண்டாம் என்று எப்படிக் கருத முடியும்? இன்னொரு குரங்கணி நடந்து, அரசு எல்லாத் தடங்களையும் மூடி, ஒழுங்காக ஓட்டுபவர்களும் சேர்ந்து இழக்கும் நிலை வருவதற்குள், நாமே நமக்கு விதி வகுத்துக்கொள்வது நல்லது.

உங்களில் பலருக்கு, பாலைவனங்களைக் கடந்து பல நாட்கள் ஓடும் டக்கார் பந்தயத்தின் மீது பெருமதிப்பு உண்டு, எனக்கும் உண்டு. உலகின் கடினமான அந்தப் பந்தயத்தில் 2011ஆம் ஆண்டு முதல் 450 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு இடமில்லை. ஒவ்வொரு வண்டியிலும் இருக்குமிடத்தைச் சொல்லும் கருவி பொருத்தப்படுகிறது. விழுந்தவரை நோக்கி மருத்துவர்களோடு ஹெலிகாப்டர் பறக்கிறது. விழுந்தவருக்காக நின்ற போட்டியாளருக்கு அவர் இழந்த நேரம் திருப்பித் தரப்படுகிறது. 2015இல் அந்தப் பந்தயத்தை முடித்த முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ், 2021 ஜனவரியில் சவூதி அரேபியாவில் விழுந்து தலையில் கடுமையாக அடிபட்டபோது, ஹெலிகாப்டரில் ரியாத் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். நாட்டின் மிகத் தேர்ந்த ஓட்டிகளில் ஒருவருக்கே அத்தனை ஏற்பாடுகளும் தேவைப்பட்டன. ஆறு மாதத்துக்கு முன் ஹிமாலயன் வாங்கிய ஒருவர், ஏற்பாடு எதுவுமில்லாமல், அறிமுகமில்லாத தடத்தில் தனியாக இறங்குவதை ‘தைரியம்’ என்று நம் குழுக்களில் பாராட்டுவதை நிறுத்திக்கொள்ள இதைவிட வேறு சான்று வேண்டுமா?

பாராட்டைப் பற்றிச் சொன்னதால் காணொளிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘சோலோ ஆஃப்ரோடு’ என்ற தலைப்பில் நம் மலையில் எடுக்கப்பட்ட காணொளிகளில், ஓட்டுபவர் ஏறி வருவதைத் தூரத்திலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் காட்டும் காட்சிகள் பல உண்டு. அந்தக் காட்சிகளை எடுக்கக் கூடவே யாரோ போயிருக்கிறார்கள், அல்லது ஓட்டியே கேமராவை வைத்துவிட்டு வந்து பலமுறை அதே ஏற்றத்தில் ஏறியிருக்கிறார். பார்க்கும் பத்தொன்பது வயதுப் பையனுக்கு இது தெரியாது. விழுந்த காட்சிகளும், தூக்க முடியாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்த பொழுதும் வெட்டி எறியப்பட்ட பிறகு எஞ்சுவதையே அவன் பார்க்கிறான். உங்கள் குழுவின் பெயரில் வெளியாகும் காணொளிகளில், எத்தனை பேர் போனார்கள், எத்தனை முறை விழுந்தார்கள், யார் தூக்கிவிட்டார்கள் என்பதைக் காட்டுமாறு வேண்டுகிறேன். தடங்களின் ஜிபிஎஸ் பதிவுகளைப் பொதுவில் பகிர்வதையும் நிறுத்துங்கள். அந்தப் பதிவில் கோடு மட்டுமே இருக்கும். மழைக்குப் பிறகு அந்தக் கோட்டின் மேல் என்ன இருக்கிறது என்பது இருக்காது.

இனி, விதியாக எழுத வேண்டியவை. தார்ச்சாலையை விட்டு இறங்கும் எந்தப் பயணத்திலும் குறைந்தது மூன்று வண்டிகள் இருக்க வேண்டும். இரண்டு ஏன் போதாது என்று கேட்பீர்கள்: ஒருவர் அடிபட்டால் ஒருவர் கூட இருக்க வேண்டும், மற்றவர் சிக்னலைத் தேடிப் போக வேண்டும், தலையில் அடிபட்டவரையோ மூச்சு விடச் சிரமப்படுபவரையோ தனியாக விட்டுப் போகக் கூடாது. புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும், அன்று எடுத்துச் செல்லும் மூட்டை முடிச்சுகளோடு தன் வண்டியைத் தரையில் சாய்த்து, பிறர் உதவியின்றி அடுத்தடுத்து மூன்று முறை தூக்கிக் காட்ட வேண்டும். இன்ஜினை அணைப்பது, வண்டி உருளாமலிருக்க கியரில் போடுவது, வலப்புறம் சாய்ந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை விரித்துவிடுவது, சரிவில் சக்கரங்கள் மேல்நோக்கி இருந்தால் வண்டியைச் சுழற்றிச் சக்கரங்களைக் கீழ்நோக்கிக் கொண்டுவருவது, வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, முதுகை வளைக்காமல் தொடைகளின் பலத்தால் பின்நோக்கி நடந்து எழுப்புவது ஆகியவற்றை ஒரு மைதானத்தில் ஒரே காலைப் பொழுதில் கற்றுக்கொடுத்துவிடலாம். முதல் முறை தூக்குவது எளிது. மூன்றாம் முறை கைகள் நடுங்கத் தொடங்கும். அந்த நடுக்கத்தோடு ஓட்டினால் நான்காவது முறையும் விழுவோம் என்பதை அவர்கள் தம் உடம்பிலேயே உணர்ந்துகொள்வார்கள். தூக்க முடியாதவர் உங்கள் குழுவிலிருந்து விலக வேண்டியதில்லை. மண் பாதைக்கு மட்டும் எடை குறைந்த வண்டியில் வரட்டும். எடை குறைந்த வண்டியை ஒரு படி தாழ்ந்ததாகப் பேசும் பழக்கம் நம் குழுக்களில் இருக்கிறது. அது ஒழிய வேண்டும்.

கைப்பேசியும் விசிலும் பெட்டிக்குள் போகாமல் உடம்பிலேயே இருக்க வேண்டும். கணுக்காலுக்கு மேல் வரும் கெட்டியான பூட்ஸ் இல்லாதவரை ஓட்ட அனுமதிக்கக் கூடாது. தலைக்கவசத்துக்குக் கொடுக்கும் முக்கியத்துவத்தில் பாதியைக்கூட நாம் பூட்ஸுக்குக் கொடுப்பதில்லை. கிளம்பும் முன், போகும் தடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஊரிலுள்ள ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, குறித்த நேரத்துக்குள் பேசாவிட்டால் அவர் யாரை அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். வழியில் தடத்தை மாற்றினால் அதையும் சிக்னல் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். திரும்பி வந்ததும் அவரிடம் ‘வந்துவிட்டேன்’ என்று சொல்ல மறப்பதை உங்கள் குழு தண்டனைக்குரிய தவறாகவே கருத வேண்டும், ஏனென்றால் இரண்டு முறை வீணாகத் தேடிப் போனவர் மூன்றாம் முறை தாமதிப்பார்.

தனிமைக்காகத்தான் மலைக்கு வருகிறோம், கூட்டத்தோடு வருவதென்றால் வருவதே வீண் என்று சொல்லும் நண்பர்களை நான் மதிக்கிறேன். பனி இறங்கிய காலையில் ஒரு மண் பாதையின் மேட்டில் இன்ஜினை அணைத்துவிட்டு நிற்பதன் சுகம் எனக்குத் தெரியும். அந்தச் சுகத்துக்கு மூன்று வண்டிகள் தடையாக இருக்கத் தேவையில்லை. கண்ணுக்கெட்டும் தூரத்தில், தூசி அடங்கும் இடைவெளி விட்டு, பேசாமல் ஓட்டுங்கள். அதுவும் வேண்டாம், முற்றிலும் தனியாகவே இருக்க வேண்டும் என்பவருக்கு வட்டச் சாலை இருக்கிறது, கொட்டச்சேடு வழியாகக் குப்பனூருக்கு இறங்கும் பாதை இருக்கிறது. வார நாளில், விடியற்காலையில் வாருங்கள். போதிய தனிமை அங்கேயே கிடைக்கும். விழுந்தால் பார்க்க ஒரு பால் வண்டியாவது வரும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தடங்கள் மோசமாகும். அதற்குள் உங்கள் குழுக்களின் பொறுப்பாளர்கள் ஒரு நாள் கூடிப் பேசி, மேலே சொன்னவற்றை உறுப்பினர் விதிகளில் சேர்க்க முடியுமா என்று முடிவெடுக்க வேண்டுகிறேன். கூட்டத்தை மலையிலேயே வைத்துக்கொள்ள விரும்பினால் எங்கள் தோட்டத்துக் களத்தில் இடமிருக்கிறது. வண்டிகளைச் சாய்த்துத் தூக்கிப் பழக அது போதும். நாகலூர் பக்கமும் மஞ்சக்குட்டை பக்கமும், அவசரத்துக்கு அழைத்தால் வரச் சம்மதிக்கும் சிலரிடம் நான் பேசியிருக்கிறேன். அவர்களுடைய எண்களை உங்கள் பொறுப்பாளர்களிடம் நேரில் தருகிறேன். ஆனால் வருபவர்களின் அன்றைய கூலியை உங்கள் குழுவின் பொதுப் பணத்திலிருந்து கொடுப்பதாக எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே தருவேன்.

இப்படிக்கு,
சேர்வராயன் மலையிலிருந்து
உங்களோடு பயணம் செய்த ஒரு காப்பி விவசாயி